எலும்பு மஜ்ஜை மாற்றமும் எய்ட்ஸ் கிருமியும்

எலும்பு மஜ்ஜையை மாற்றியதால் ஒருவர் எச்.ஐ.வி. கிருமியினின்று விடுபட்டார் என்ற செய்தி நாளேடுகளில் அவ்வப்போது வருகிறது. செய்தி பொய்யன்று. ஆனால், "நம் பிள்ளைக்கும் அதைச் செய்விக்கலாமே" என்று ஏங்கும் பெற்றோர், முதன்முதல் குணமடைந்தவரின் முழு வரலாற்றையும் அறிந்துகொள்வது நலம்.

அவர் திமோத்தி ரே பிரௌன், பெர்லின் நகரில் வாழ்ந்த அமெரிக்கர். 1995-இல் அவர் உடலில் கிருமி இருப்பது தெரிந்தது. மருந்துண்டு நலமாகவே வாழ்ந்தார். 2006-இல் அவரை இரத்தப் புற்றுநோய் பற்றியது. இரத்த அணுவினுள் இக்கிருமி நுழையப் பயன்படும் வாயில் ஒன்று உண்டு, சி.சி.ஆர்.5 என்பர். வட ஐரோப்பிய வழிவந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் அவ்வாயில் இன்றியே பிறக்கின்றனர். அத்தகைய ஒருவரின் அணுக்களையே பிரௌனுக்குச் செலுத்தலாம் என்று மருத்துவர் கெரோ ஹூட்டர் கருதினார். பிரௌனோ முதலில் மறுத்துவிட்டார்! புற்றுநோய் தணிந்திருக்க, உயிரைப் பணயம் வைப்பானேன் என்பது அவர் எண்ணம். நோய் திரும்பிய பின்னரே இசைந்தார்.

அவர் தயங்கியதில் வியப்பில்லை. இச்சிகிச்சையில் நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் முதலில் அழிக்கின்றனர். புதியது வேரூன்றும்வரை சாதாரணத் தொற்றும் உயிரைக் குடிக்கலாம். வேரூன்றிய புதிய அணுக்களே தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமெனக் கருதித் தாக்குவதும் உண்டு.

2007 பிப்ரவரியில் முதல் மாற்றம் நடந்தது. புற்றுநோய் மீண்டும் தலைதூக்கவே, 2008-இல் இரண்டாவது. அதன்பின் அவர் அறிவு கலங்கினார், பார்வை மங்கிற்று, கைகால்கள் ஏறக்குறைய முடங்கின. நடக்கவே மறுபடி கற்கவேண்டியிருந்தது. கிருமி திரும்பவில்லை, ஆனால் 2020 செப்டம்பரில் அதே புற்றுநோயால் இறந்தார். பாஸ்டன் நகரில் சாதாரண மஜ்ஜை பெற்ற இருவருக்கோ, கிருமி மறைந்ததுபோல் தோன்றி, மருந்தை நிறுத்தியபின் 2013-இல் மீண்டும் வெளிப்பட்டது.

இவ்வாறு குணமானோர் உலகெங்கும் மிகச் சிலரே. அவர்களுள் பெரும்பாலோர் புற்றுநோய்க்காகவே மஜ்ஜை மாற்றம் பெற்றவர்கள் என்பதைச் செய்தித் தலைப்புகள் சொல்வதில்லை.

வேறு போதிய வழி இல்லாதபோது, நோயாளியின் சம்மதத்தோடு, ஆபத்து கலந்த சோதனைநிலைச் சிகிச்சையையும் நாடலாம் என்று உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980-இல் அறிவித்தது. "வேறு போதிய வழி இல்லாதபோது" என்பதைக் கவனிக்கவேண்டும். புற்றுநோய் முற்றிய பிரௌனுக்கு வேறு வழியில்லை. கிருமி மட்டும் உள்ளவருக்கோ அன்றாட மாத்திரை உண்டு. நம் நாட்டில் 2004 முதல் அரசு மையங்களில் அது இலவசமாகவே வழங்கப்படுகிறது. தவறாது உண்டு, கிருமி இரத்தச் சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து நிலைத்தால், தாம்பத்திய உறவால் துணைவருக்கு அது பரவுவதில்லை. மருந்தை நிறுத்தினாலோ, பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி பெருகத் தொடங்கும். ஆகவே, மஜ்ஜைச் சிகிச்சை வரட்டும் என்று காத்திருந்து மாத்திரையைக் கைவிடுவோர் உண்டென்றால், அவர்களுடைய வீட்டார் இன்றே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்களாக.