லொறி யாருடையது?

வன்னிப் பெருநிலப்பரப்பின் வீதிகளிலே நெல்லும் மணலும் கல்லும் ஏற்றிச் செல்லும் லொறிகள் பலவற்றைச் செலுத்துபவர் கூலிச் சாரதிகள் அல்லர், அவற்றின் உடைமையாளரே. காணியை ஈடுவைத்தோ, தாலிக்கொடியை அடைவு வைத்தோ, வெளிநாட்டிலுள்ள தமையன் அனுப்பிய பணத்தை முற்பணமாகக் கட்டியோ, லீசிங் நிறுவனமொன்றின் மூலம் வாகனம் எடுத்துத் தாமே ஓட்டிப் பிழைக்க முற்பட்ட இளைஞர்கள் அவர்கள். வாகனம் எடுத்தாயிற்று, ஏற்றுவதற்குப் பாரம் எங்கே? இக்கேள்விக்கு விடையாக வருபவர் ஒப்பந்தக்காரர். "லொறியை எங்களிடம் விடு, நீயே ஓட்டு, மாதம் இவ்வளவு, அல்லது நடைக்கு இவ்வளவு" என்கிறார் அவர். இவ்வழைப்பை ஏற்கலாமா என்று எம்மிடம் கேட்போர் பலர். ஏற்கலாம் என்பதே எமது விடை. ஆனால், வெறும் வாய்ச்சொல்லை நம்பி ஏற்கலாகாது.

இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதை மறந்து பேசுவது முறையன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிக் காட்டியவர்கள் எமது மக்கள். 2002 இல் திறக்கப்பட்ட கண்டி வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்தபோது, எஞ்சியிருந்த லொறிகளையும் உழவு இயந்திரங்களையும் முள்ளிவாய்க்கால் வரையுள்ள பாதைகளிலே கைவிட்டு, வெறுங்கையோடு முகாம்களுக்குச் சென்றனர் அவற்றின் சொந்தக்காரர். மீளக் குடியமர்ந்தவர்க்கு வீடு வேண்டியிருந்தது, வீதி வேண்டியிருந்தது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்குக் கிழக்கு மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2012 இன் பிற்பகுதியிலிருந்து அவ்வேலை பெருமளவில் நடைபெற்றது. மணலுக்கும் கல்லுக்கும் கிறவலுக்கும் டிப்பர்கள் தேவைப்பட்டன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் லீசிங் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக எழுந்தன. வீட்டுத் திட்டம் முடிந்தது. பலருக்குத் தவணை முடியவில்லை.

ஒப்பந்தக்காரரோடு சேர்ந்து ஓடுவதன் நன்மைகளை நாம் குறைத்துக் கூறமாட்டோம். தனித்து ஓடுபவன் அறுவடைக் காலத்தில் இரவு பகலாக உழைக்கின்றான். மற்றைய மாதங்களிலே சந்தியில் லொறியை நிறுத்திவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். பெரும்போக அறுவடை பங்குனியோடு ஓய்ந்துவிடும். சிறுபோகமோ இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் எவ்வளவு நீர் நிற்கின்றது என்பதைப் பொறுத்தது. லீசிங் தவணைக்குப் பெரும்போகமும் தெரியாது, சிறுபோகமும் தெரியாது. மாதம் பிறந்தால் அது வாசலில் வந்து நிற்கும். ஆதலின், நிச்சயமாக வரும் வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு. கேள்விப்பத்திரம் போடுவதும், மணல் அனுமதிப்பத்திரத்திற்காகப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் படியேறுவதும், திணைக்களத்துக் காசோலைக்குக் காத்திருப்பதும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. தம்புள்ளையிலோ கொழும்பிலோ பாரம் இறக்கியவன் வெறும் லொறியோடு திரும்பாமல் மீள்பாரம் பெறுவதற்கும் ஆள் தொடர்பு வேண்டும். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுத் தெற்கு நோக்கிப் புறப்படும் தனி மனிதனுக்கு இத்தனையும் எளிதில் கைகூடுவனவல்ல.

எனினும், ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். குத்தகை என்றால் என்ன என்று எமது விவசாயப் பெருமக்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. வயற்சொந்தக்காரன் வயலைக் கொடுக்கின்றான். மழை பொய்த்தாலும் பூச்சி அடித்தாலும் பேசிய குத்தகையை அவன் வாங்கிக்கொள்கின்றான். நட்டம் பயிர் செய்தவனைச் சார்ந்தது. பொருள் கொடுத்தவனுக்கு வாடகை, பொருளை எடுத்து ஆள்பவனுக்கு இடர் என்பது குத்தகையின் இலக்கணம். லொறி விடயத்தில் இவ்விலக்கணம் தலைகீழாகின்றது. பொருளைக் கொடுத்தவனும் லொறிக்காரன். அதில் உழைப்பவனும் அவன். டயர் வெடித்தால் செலவழிப்பவனும் அவன். வேலை நின்றால் ஒரு சதமும் பெறாது வீடு செல்பவனும் அவனே. குத்தகைக் கமக்காரனைக் காக்க 1958 ஆம் ஆண்டிலே நெற்காணிச் சட்டம் வந்தது. லொறிக்காரனுக்காக அப்படியொரு சட்டம் எழுதப்படவில்லை.

அவனைச் சொந்தக்காரன் என்று அழைக்கிறோமே, அதுவாவது உண்மையா? வாகனப் பதிவுச் சான்றிதழைப் பிரித்துப் பார்க்கட்டும். முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இறுதித் தவணை கட்டும்வரை சட்டத்தின் கண்ணில் லொறி அந்நிறுவனத்தினுடையது. கடனையும் சாவியையும் சுமப்பவனிடம் உரிமை மட்டும் இல்லை.

நிச்சயமான வேலை என்பதன் நிச்சயம் எவ்வளவு என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. 2021 இறுதியில் லீற்றர் 121 ரூபாவாயிருந்த டீசல், 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. 100 லீற்றர் தேவைப்படும் நடைக்கு 12,100 ரூபா கொடுத்தவன் 46,000 ரூபா கொடுக்க நேர்ந்தது. "நடைக்கு இவ்வளவு, டீசல் உன்னுடையது" என்று பேசியிருந்தவர்கள் ஓடினாலும் நட்டம், நிறுத்தினாலும் நட்டம் என்ற நிலைக்கு வந்தனர். அதே ஆண்டு ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது; பழைய லீசிங்கைத் திருத்தி எழுதப் போனவர் தலையில் அப்பாரம் விழுந்தது. அரசாங்கத்தின் கட்டுமான வேலைகள் முடங்கின. திணைக்களம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் லொறிக்காரனுக்குக் கொடுக்கவில்லை. லொறிக்காரன் மட்டும் லீசிங் நிறுவனத்திற்குக் கொடுத்தாகவேண்டும்! காசோலைக்குக் காத்திருப்பது ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று மேலே கூறினோமல்லவா? உண்மையில் காத்திருந்தவன் யாரென்பது இப்போது விளங்கும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுப் பொதுவாக 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் லொறியை இழந்தவன் ஏறிய விலையில் வேறொன்றை எங்கே வாங்குவான்?

கூலிச் சாரதியின் நிலையோடு இதனை ஒப்பிடுவோம். சட்டப்படி நடக்கும் முதலாளியிடம் சம்பளம் பெறும் சாரதிக்கு ஊழியர் சேமலாப நிதியில் முதலாளி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியில் 3 சதவீதமும் செலுத்தவேண்டும். வேலையில் காயமுற்றால் நட்டஈட்டுக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. தன் லொறியை ஒப்பந்தத்தில் ஓட்டுபவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. முப்பது ஆண்டு உழைத்தபின் அவனுக்கு எஞ்சுவது பழைய இரும்பு. நடைக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுவோர், இந்தச் சதவீதங்களையும் வாகனத்தின் தேய்மானத்தையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கவேண்டும். எமக்குத் தெரிந்தவரை அப்படிக் கணக்கிடுபவர் மிகச் சிலரே.

சட்டத்தில் இன்னொரு பொறியும் இருக்கின்றது. அனுமதியின்றி மரம் ஏற்றிய வாகனத்தைக் காடுகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் பறிமுதல் செய்யலாம். குற்றத்தில் பங்கில்லாத உடைமையாளர், அதனைத் தடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகள் யாவும் எடுத்ததாக நிரூபித்தால் வாகனத்தை மீட்க வழியுண்டு. உடைமையாளனே சாரதியாயிருந்தால் அவ்வாதத்திற்கு இடமேது? "ஏற்று" என்று சொன்னவர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கின்றார், பிடிபடுவது லொறி. மணலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாரத்திற்குரிய அனுமதிப்பத்திரத்தைத் தன் கையில் வாங்காது ஒரு சில்லும் உருளக்கூடாது.

இனி, வாய்ச்சொல்லுக்கு வருவோம். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி, எழுத்திலான ஒப்பந்தத்தின்மேல் வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு. எழுதப்படாத ஒப்பந்தத்திற்கு 3 ஆண்டுகள். செய்த வேலைக்குரிய கூலி என்ற வகுப்புக்குள் அது தள்ளப்பட்டால் ஓர் ஆண்டே. "அடுத்த மாதம் தருகிறேன் தம்பி" என்ற சொல்லை நம்பிப் பதின்மூன்று மாதம் காத்திருந்தவன் கடன் மட்டுமல்ல, வழக்கிடும் உரிமையையும் இழக்கக்கூடும். ஒரு தாளும் இரண்டு கையொப்பமும் ஐந்து ஆண்டுகளைச் சம்பாதித்துக் கொடுக்கின்றன என்றால், அதனைவிட மலிவான காப்புறுதி எதுவோ?

சொந்த லொறியைக் கம்பனியோடு இணைத்து ஓடும் முறை பெருவழக்காயுள்ள அமெரிக்காவில், அரசாங்கம் இதனை இருவரின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடவில்லை. மாநிலங்களுக்கிடையே ஓடும் லொறிகளுக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பத்திரங்களை ஒப்படைத்து 15 நாட்களுக்குள் கூலி கொடுக்கவேண்டும். என்னென்ன பிடித்தம் என்பது முன்கூட்டியே எழுதப்படவேண்டும். கூலி சதவீதமாயின் பாரத்தின் மூலச் சிட்டையைச் சாரதிக்குக் காட்டவேண்டும். பிணைப்பணத்தை ஒப்பந்தம் முடிந்து 45 நாட்களுக்குள் திருப்பவேண்டும். அப்படியிருந்தும் பிணக்குகள் ஓயவில்லை. சாரதியைச் சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று பெயரிட்டுவிட்டால், நீதிமன்றத்தை விட்டு மத்தியஸ்தத்திற்குப் போகுமாறு மத்திய அரசின் மத்தியஸ்தச் சட்டத்தைக் கொண்டு கட்டாயப்படுத்தலாம் என வாதாடியது நியூ பிரைம் என்ற கம்பனி. 2019 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பெயர் எதுவாயினும் உழைப்பவன் உழைப்பவனே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

விவசாயிக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். லொறிக் கூலி குறைந்தால் தமக்கு நன்மையே என்றும் எண்ணக்கூடும். உள்ளூர் லொறிகள் பறிமுதலாகித் தெற்கே ஏலம் போனபின், பொலநறுவையிலிருந்து தன் லொறியோடு வரும் வியாபாரிதான் வயல்வரம்பில் நின்று நெல்லின் விலையையும் சொல்வான், ஏற்றுகூலியையும் சொல்வான். ஈரநெல்லைக் களத்தில் வைத்துக்கொண்டு அவனோடு எவ்வளவு நேரம் பேரம் பேசமுடியும்?

ஆகவே, ஒப்பந்தக்காரரோடு சேர விரும்புவோர் சேரட்டும். ஆனால், வேலை இல்லாத நாட்களுக்குக் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, டீசல் விலை ஏறினால் கூலி எவ்வாறு ஏறும், பணம் எத்தனை நாளில், அனுமதிப்பத்திரம் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் வரவேண்டும். தனியொருவன் இதைக் கேட்டால், "வேறு லொறி இருக்கிறது" என்பார்கள். பத்து லொறிகள் ஒரு கூட்டுறவுச் சங்கமாக நின்று கேட்டால் பதில் வேறாயிருக்கும். பனை தென்னை வளச் சங்கங்களையும் பலநோக்குச் சங்கங்களையும் நடத்தத் தெரிந்த மண்ணுக்கு இது புதிய வித்தையன்று. லீசிங் பத்திரத்தைத் தமிழிலே கேட்டுப் பெறவும் வேண்டும். வாசிக்க முடியாத தாளில் கையொப்பமிடுமாறு வற்புறுத்துவோர் மீது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திற்கு முறையிடலாம்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்றங்களிலே தொழில் புரியும் எமது சகோதரச் சட்டத்தரணிகளுக்கு ஒரு வேண்டுகோள். மேற்கூறிய நிபந்தனைகள் அடங்கிய மாதிரி ஒப்பந்தமொன்றை எளிய தமிழிலே, ஒரே தாளிலே, கட்டணமின்றி வரைந்து கொடுப்பது சில மாலைநேர வேலை. தை பிறந்து அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்குமுன் அது கமநல சேவை நிலையங்களின் மேசைகளுக்கு வந்துசேரவேண்டும்.