தோற்ற பயிற்சியாளரின் வாரிசுகள்

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு வாய்த்த பயிற்சியாளர்களில், வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் கண்டவர் ஒருவர்தான். ஒன்பது பருவங்களில் 55 வெற்றி, 60 தோல்வி. பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தையே உருவாக்கியவர் அவர்தான்.

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிருக்கு அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக 13 விதிகள் எழுதினார். பழக்கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி இருந்தது பத்தடி உயரத்தில். வளையம் இன்றும் அங்கேயே நிற்கிறது. 1898இல் கன்சாஸுக்குப் போனவர், ஆட்டத்தை உடற்பயிற்சியாகவே பார்த்தார். கோப்பை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நம் ஊர்க் கல்லூரி நிர்வாகமாக இருந்தால் இரண்டாவது ஆண்டிலேயே விளக்கம் கேட்டிருக்கும்.

ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன், அதே கன்சாஸில் 39 பருவங்கள் பயிற்சியாளராக இருந்து 590 ஆட்டங்களை வென்றார். ஆலனின் 1952 சாம்பியன் அணியில் இருந்த டீன் ஸ்மித், வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் 36 பருவங்களில் 879 வெற்றி கண்டார். இன்னொரு மாணவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஜான் மெக்லெண்டன் கறுப்பினத்தவர் என்பதால் கன்சாஸ் அணியில் ஆட அனுமதி இல்லை. நெய்ஸ்மித்திடம் பாடம் கற்க மட்டுமே முடிந்தது. அந்தப் படிப்பைக் கொண்டே பயிற்சியாளராகி, டென்னசியின் கறுப்பின மாணவர் கல்லூரி ஒன்றுக்கு 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். 55-60 என்ற கணக்கில் இவர்களில் யாரும் இல்லை.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். ஆனாலும் 1943இல் இறக்கும்வரை அவர் செய்த பெரிய வேலை, பி.டி. மாஸ்டர்களை உருவாக்கியது. இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் விசிலும் விதிப் புத்தகமுமாக ஊர் ஊராகப் போனார்கள்.

அப்படியும் ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயம் போன்ற ஊர்களில் கூடைப்பந்து அரிது. 28 மீட்டர் நீள சிமென்ட் தரையும் இரும்புக் கம்பங்களும் வேண்டும். கைப்பந்துக்கு இரண்டு கம்பும் ஒரு வலையும் போதும். (அதுவும் 1895இல் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஒருவர் உருவாக்கியதுதான்.) மலைப் பிள்ளை ஒருவர் வளையத்தை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்ப்பது வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ கல்லூரியில் சேர்ந்த பிறகாக இருக்கலாம். பதினெட்டு வயதில் பந்தைத் தொடும் அந்தப் பிள்ளையை மூன்றாண்டுக்குள் மாநில வீரராக்க எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. நல்ல ஆசிரியராக்க முடியும்.

இந்த இடத்தில்தான் நம் அளவுகோல் கோணலாகிறது. மண்டலப் போட்டியில் கோப்பை வந்ததா என்பதே உடற்கல்வி இயக்குநரிடம் கேட்கும் கேள்வி. அதற்கு அவர் கண்டுபிடிக்கும் சுருக்குவழி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏற்கெனவே தேறியவர்களைச் சேர்ப்பது. கோப்பை வரும், பக்கத்து மலையிலிருந்து வந்தவர் பார்வையாளர் வரிசையில் உட்காருவார். பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரிடம் பறிகொடுத்த பிள்ளைக்கு, கல்லூரியிலும் அதே கதி.

கல்லூரி ஆண்டறிக்கையில் கோப்பைப் பட்டியலுக்குக் கீழே இன்னொரு பட்டியலும் வரட்டும்: இங்கே ஆடியவர்களில் எத்தனை பேர் இன்று வேறெங்கோ பயிற்சி தருகிறார்கள்? அதை நிரப்பப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை அதே பயிற்சியாளர் அதே மைதானத்தில் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கு ஒருவரை மாற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பட்டியலில் எழுத ஒன்றும் இருக்காது.