நகம் பதியாத டப்பா

அம்மாவுக்கு ஒரே சோதனைதான். இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நகத்தால் அழுத்துவார். பதியாவிட்டால் “கெட்டி” என்று வாங்கிவிடுவார். அப்படி வாங்கிய ஒன்றில்தான் தீபாவளிக்கு ஆட்டிறைச்சியை உறைய வைத்தோம். எடுக்கும்போது என் கை நழுவியது. டப்பா சில்லுச் சில்லாகச் சிதறியது. சில்லு உள்ளே புகுந்திருக்குமோ என்ற பயத்தில் 2 கிலோவையும் கொட்டினோம். எந்த ஊர்த் தயாரிப்போ, பெயரே இல்லை.

நகம் சொல்வது கடினத்தை மட்டும். அடி தாங்குமா என்பது வேறு கேள்வி. இத்தகைய டப்பாக்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். நம் பாசிர் கூடாங்கில் லோட்டே கெமிக்கல் டைட்டான் தயாரிக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. புரோப்பிலீனை மட்டுமே கோத்துச் செய்தால் விறைப்பாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய 0 டிகிரியிலேயே நெகிழ்வு போய் நொறுங்கும் குணம் வந்துவிடும். உறைபெட்டியோ மைனஸ் 18.

அதனால் எத்திலீனையும் சேர்க்கிறார்கள். இதுதான் கோபாலிமர். அடி தாங்கும் வகையில், ரப்பர் போன்ற நுண்துளிகள் உள்ளே பரவி நின்று, விழும் அடியை வாங்கிக்கொள்ளும். பதிலுக்குக் கடினம் சற்றுக் குறையும், நிறமும் பால்போல் மங்கும். அம்மா “மட்டம்” என்று ஒதுக்கியவை இவையாகக்கூட இருக்கலாம்!

முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிபுரோப்பிலீன். எந்த வகை என்பதை அந்த எண் சொல்லாது. உறைபெட்டிக்கு ஏற்றதென்றால் பனிப்பூ முத்திரை இருக்கும்.

இப்போது அம்மா டப்பாவைக் கவிழ்த்துப் பனிப்பூவைத் தேடுகிறார். நகத்தாலும் ஒருமுறை அழுத்திக்கொள்கிறார்.