பட்டினம் இருக்கிறது, மரக்கலம் எங்கே?

தோழரே!

புதுப்பட்டினம் என்ற பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பட்டினம் என்றால் கலம் வந்து தங்கும் கடற்கரையூர். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் — நம் முன்னோர் விளையாட்டுக்காகப் பெயர் சூட்டியவர்கள் அல்லர். இன்றோ இந்தக் கரையிலே மீனவர் படகு உண்டு. ஆளேற்றும் கப்பல் இல்லை, பொதி இறக்கும் தோணியும் இல்லை!

இது கப்பலறியாக் கரையா? பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்திலே மண்ணைத் தோண்டினர். ரோமானியச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. மாமல்லபுரம் பல்லவரின் துறைமுகம். சதுரங்கப்பட்டினத்திலே டச்சுக்காரன் கோட்டை கட்டினானே, காற்று வாங்கவா? நம் நெசவாளியின் தறியிலே பிறந்த துணியைக் கப்பலேற்றிக் காசாக்க! 1782 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் இதே கடலில் மோதின. ஒன்றுக்கும் உதவாத கடலுக்காகவா உயிரைக் கொடுத்தார்கள்?

“அலை மோதும் கரை, இயற்கைத் துறைமுகம் இல்லை” என்பர் சிலர். சென்னைக்கு மட்டும் இயற்கை என்ன சீதனம் தந்தது? கப்பல் தொலைவில் நிற்கும். ஆளும் பொதியும் மசூலாப் படகிலே அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். கட்டிய துறைமுகச் சுவரை 1881இல் புயல் தகர்த்தது. மீண்டும் கட்டினர். தேவை என்று ஆள்வோர் கருதினால் அலையும் வழிவிடும்!

கடலாவது சீறும், கால்வாய் சீறுமா? ஊருக்கு மேற்கே கிடக்கிறது பக்கிங்காம் கால்வாய். 1877-78 பஞ்சத்திலே பசித்தவர்கள் கூலிக்கு வெட்டிய இணைப்பு, சென்னையின் வடக்கையும் தெற்கையும் சேர்த்தது. உப்பும் விறகும் படகேறித் தலைநகர் சென்றன. நீரில் மிதக்கும் பாரத்தை நகர்த்தக் குறைந்த எண்ணெய் போதும். அது தெரிந்துதானே 2008இல் இதனைத் தேசிய நீர்வழி 4இல் சேர்த்தார்கள்? அறிவிப்பு மிதக்கிறது, சரக்குப் படகு மிதக்கவில்லை! பொதியெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியிலே ஓடுகிறது. பக்கத்துக் கல்பாக்கத்திலே அணுவைப் பிளக்கத் தெரிந்த அரசுக்குக் கால்வாய்ச் சேற்றை அள்ளத் தெரியாதா?

பயணியின் கதி என்ன? 1906இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விடக் கம்பெனி கண்டார் வ.உ.சி.; பின்னர் சிறையிலே செக்கிழுத்தார். தனுஷ்கோடித் துறையை 1964 புயல் விழுங்கிற்று. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சென்ற ‘சிதம்பரம்’ கப்பலின் பயணம் 1985 தீ விபத்தோடு முடிந்தது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட 2023 வரை காத்துக் கிடந்தோம். கைக்கெட்டும் தூரத்து உறவைக் காண ஆகாயத்திலே பறக்கச் சொன்னார்கள். ஏழைக்கு ஏது சிறகு?

பெருமுதலாளிக்கு ஒரு பெருந்துறைமுகம் கேட்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்தபின், அதற்கு வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்துத் தின்றதை மறக்கவில்லை. மீனவன் குடிசையைப் பறித்து எழுவது வளர்ச்சியன்று, வழிப்பறி! நாம் கேட்பது இரண்டே. கால்வாயைத் தூர்வாரிப் படகு விடுங்கள். மீனவர் இசைவு தரும் இடத்திலே சிறு இறங்குதுறை அமையுங்கள்.

தோழரே, வாக்குக் கேட்டு வருவோர் சாலை வழியேதான் வருவார்கள். கால்வாய்க் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சேற்றைக் காட்டிக் கேளுங்கள்: படகு எப்போது?