சீமை மாடும் நம் தோட்டத்து வெயிலும்

தோட்டப்புறத்தில் மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். தாய் மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், அந்தத் தாய் மாடு எந்த ஊரில், எதைத் தின்று, எப்படிப்பட்ட கொட்டகையில் நின்று அத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்பவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் பாட்டாளி மக்களின் பணம் பல இடங்களில் பாழாகிப் போயிருக்கிறது.

அது சாதாரணப் பணமா? 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணம்; மகள் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியதில் மிச்சம்; கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம். மாடு படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும்.

நாம் போய் வந்த ஒரு தோட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் மாடு இருந்தது. ஒரு வீட்டில் கலப்பின மாடு, விலை அதிகம். அடுத்த வீட்டில் பாட்டன் காலத்து வழியில் வந்த நாட்டு மாடு. இரண்டுக்கும் தாழ்வான தகரக் கொட்டகை, ரோட்டோரப் புல்தான் தீனி. நாட்டு மாடு மூன்று லிட்டர் கறந்தது. வருஷத்துக்கு ஒரு கன்று போட்டது. கலப்பு மாடோ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பால் அதைவிடக் குறைவு, சினையும் நிற்கவில்லை. “என்னங்கண்ணே, சீமை ரத்தம்னு சொல்லித்தானே கொடுத்தாங்க, ஏமாத்திட்டானுங்களா?” என்று அந்த வீட்டுக்காரர் நம்மிடம் கேட்டார். விற்றவர் ஏமாற்றவில்லை. அதே பண்ணையிலிருந்து போன இன்னொரு மாடு, நல்ல கூரையும் வெட்டிப் போட யானைப் புல்லும் இருந்த ஓர் இடத்தில் நாட்டு மாட்டைப்போல் மூன்று மடங்கு கறந்துகொண்டிருந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நல்ல இடத்தில் கலப்பு மாடு ஜெயிக்கிறது. மோசமான இடத்தில் நாட்டு மாடு ஜெயிக்கிறது. இடம் மாறினால் முதல் மாடு கடைசி மாடாகிவிடுகிறது. ஆகவே, “எது நல்ல இனம்?” என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. “எந்த இடத்துக்கு?” என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

விஞ்ஞானிகளுக்குள்ளும் இது பெரிய வாதமாக இருந்தது. நல்ல தீனியும் நல்ல பராமரிப்பும் உள்ள இடத்தில் வைத்துப் பொறுக்கினால்தான் பிராணியின் பிறவிக் குணம் முழுசாக வெளியே தெரியும் என்றார் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் ஹாமண்ட், 1947-இல். ஐந்தாண்டு கழித்து, 1952-இல், எடின்பரோவைச் சேர்ந்த டக்ளஸ் பால்கனர் வேறொரு வழி காட்டினார். ஒரே குணம் இரண்டு சூழலில் வெளிப்படும்போது அதை இரண்டு வெவ்வேறு குணங்களாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். குளிர்நாட்டில் பால் கறப்பது ஒரு குணம். கொதிக்கிற நாட்டில் பால் கறப்பது இன்னொரு குணம். ஒன்றில் கெட்டி என்பதால் மற்றதிலும் கெட்டி என்று எண்ணிவிட முடியாது.

ஏன் இப்படி? மாட்டின் வயிறு ஒரு அடுப்பு. தின்ற புல் உள்ளே புளித்துச் செரிக்கும்போது சூடு உண்டாகிறது. அதிகம் கறக்கிற மாடு அதிகம் தின்ன வேண்டும். அதிகம் தின்றால் அதிகச் சூடு. பிரிசியன் மாடு ஹாலந்து, வட ஜெர்மனிப் பக்கத்துக் குளிரில் உருவானது. சுமார் 25 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தீனி குறையத் தொடங்கும். நம் தாழ்நிலத் தோட்டங்களிலோ பகல் வெயில் 32, 33 டிகிரி. காற்றிலும் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை ஆறுவதில்லை. உள்ளே அடுப்பு, வெளியே அடுப்பு. மாடு தீனியைக் குறைத்துத்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பால் குறைகிறது, காளைக்குக் கத்துவது தெரிவதில்லை, ஊசி போட்டாலும் சினை தங்குவதில்லை.

நம் முன்னோர் காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கு வந்து பெருகிய மாடுகள் கறப்பது கொஞ்சம், தாங்குவது அதிகம். 1970-களிலும் 80-களிலும் கால்நடை இலாகா ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து சாகிவால் பிரிசியன் கலப்பு மாடுகளை இறக்குமதி செய்தது. பஞ்சாப் வெயிலில் பிறந்த சாகிவாலின் தாங்கும் சக்தியும் பிரிசியனின் மடியும் சேரட்டும் என்பது நோக்கம். அந்த வழியில்தான் ‘மாப்ரிவால்’ என்ற இனமும் இந்நாட்டில் உருவாக்கப்பட்டது. யோசனை சரியானதே. ஆனால், பாதி ரத்தம் நன்றாகக் கறந்தால் முக்கால் ரத்தம் இன்னும் நன்றாகக் கறக்கும் என்று கணக்குப் போட்டு, மேலும் மேலும் சீமை ஊசியே போட்டவர்கள் உண்டு. வெப்ப நாடுகள் பலவற்றின் அனுபவம் வேறு: சாதாரணப் பராமரிப்பில் பாதிக்கு மேல் சீமை ரத்தம் ஏறினால் லாபம் ஏறுவதில்லை, தொல்லைதான் ஏறுகிறது. முதல் கலப்பில் கிடைக்கும் தனி வலுவும், கலப்பையும் கலப்பையும் சேர்க்கும்போது அடுத்த தலைமுறையில் பாதியாகிவிடுகிறது.

ஆட்டுக்கும் இதே கதை. தென்னாப்பிரிக்காவின் போயர் ஆடு பெரிய உடம்பு. கிடா 100 கிலோவையும் தாண்டும். நம் காச்சாங் ஆடு அதில் கால்வாசிதான். ஆனால், காய்ந்த நிலத்து ஆட்டை நம் ஈரப் புல்லில் விட்டால் குடற்புழு தின்றுவிடும். உயரமாகப் பலகைத் தளம் போட்டு, தீனியை அறுத்துப் போட முடிந்தவர்களுக்கே அது ஏற்றது.

இனி வரும் காலத்தில் ரத்தமே வெயிலுக்கு ஏற்றதாக அமையக்கூடும். கரீபியன் தீவுகளின் செனபோல் மாட்டுக்குக் குட்டை முடி தரும் மரபணுவை நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2014-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குணத்தைக் கறவை இனத்தில் சேர்த்தபோது, மாடு வெயிலை நன்றாகத் தாங்கியது. ஆனாலும், தண்ணீர் இல்லாத தொட்டியை எந்த மரபணுவும் நிரப்பாது.

ஆகவே தோழர்களே, மாடு வாங்குமுன் கொட்டகையை வாங்குங்கள். கூரை உயரமாக இருக்கட்டும். தகரமானால் மேலே அத்தாப்புப் பரப்புங்கள். பாலில் 87 விழுக்காடு தண்ணீர்தான். கறவை மாட்டுக்கு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் வேண்டும். யானைப் புல் முதலில் முளைக்கட்டும், மாடு பிறகு வரட்டும். புண்ணாக்கு கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள். இவை முடியாதென்றால் நாட்டு மாடே போதும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஊசி போட வருபவரிடம், “இது எவ்வளவு சீமை ரத்தம்?” என்று கேளுங்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. வளர்ந்த செம்பனைக் காட்டில் மாடு மேய்ந்தால் களையெடுக்கும் செலவு குறைகிறது என்று இந்நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இளங்கன்று நட்ட காட்டில் மாட்டை விடக்கூடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால், புல் நட ஒரு துண்டு நிலம், ஒரு தண்ணீர்க் குழாய், மருந்து அடிக்கும் காடு எது என்று முன்கூட்டியே அறிவிப்பு, இந்த மூன்றும் பெரிய கேள்வி அல்ல. தொழிலாளர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டால் நாளைக்கு என்பார்கள். மாடு வளர்ப்போர் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கமிட்டி வழியாகக் கேளுங்கள்.

“அவனுக்கு இதெல்லாம் வராது, பிறவியிலேயே இல்லை” என்ற பேச்சை நம் பிள்ளைகளைப் பற்றியும் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். விளக்கும் புத்தகமும் படிக்க ஒரு மூலையும் கொடுத்துப் பார்த்தபின் பேசுங்கள் என்பதே அதற்கு நம் பதில். மாட்டு விஷயத்திலும் நாம் அதே நியாயத்தைக் கடைப்பிடிப்போம். முதலில் நிழலையும் நீரையும் கொடுப்போம். பிறகு ரத்தத்தைக் குறை சொல்வோம்.