பக்கவாதம்: நன்மை செய்யும் நைட்ரிக் ஆக்சைடு மூளை செல்களைக் கொல்வது எப்படி? முதல் சில மணி நேரம் ஏன் முக்கியம்?

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 29-ம் தேதி உலக பக்கவாத தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. 'நேரம் போனால் மூளை போச்சு' என்று டாக்டர்கள் அன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஏன் இந்த அவசரம்? ரத்தம் நின்ற பிறகு மூளைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

நல்லவனா, கெட்டவனா?

நைட்ரிக் ஆக்சைடு நம் உடலே தயாரிக்கும் ஒரு வாயு. ரத்தக் குழாயைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது இதன் வேலை. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய 3 பேருக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மூளையிலும் இது நரம்பு செல்களுக்கு இடையே தகவல் கடத்துகிறது. அளவோடு இருக்கும் வரை பிரச்சினை இல்லை.

அடைப்பு வந்தால் என்ன ஆகும்?

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டதும் செல்களுக்கு ஆக்சிஜனும் குளுக்கோஸும் கிடைப்பதில்லை. அப்போது குளுட்டமேட் என்ற ரசாயனம் கட்டுப்பாடின்றி வெளியே கொட்டுகிறது. அது பக்கத்து செல்களின் கதவைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே பாய்கிறது. உடனே நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி முடுக்கிவிடப்படுகிறது.

அதே நேரத்தில் உருவாகும் சூப்பர் ஆக்சைடுடன் இது சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட் என்ற நச்சு மூலக்கூறு பிறக்கிறது. அது செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைப்பைச் சரிசெய்ய 'பார்ப்' என்ற நொதி ஓவர்டைம் வேலை பார்த்து, செல்லில் மிச்சமிருக்கும் சக்தியையும் காலி செய்துவிடுகிறது. ரிப்பேர் பார்க்க வந்ததே செல்லின் உயிரை எடுத்துவிடுகிறது.

இதில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்கு இருப்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1991-ல் காட்டினார்கள். நரம்பு செல்லில் இந்த நொதி இல்லாத எலிகளுக்குப் பக்கவாதத்தால் ஏற்படும் பாதிப்பு குறைவு என்பது 1994-ல் தெரிய வந்தது.

அப்போ மருந்தால தடுத்துடலாமே?

அதுதான் நடக்கவில்லை. இந்தச் சங்கிலியின் நடுவில் புகுந்து தடுக்கும் 'நெரினெடைடு' என்ற மருந்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2020-ல் வெளியான முடிவில், ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. எனவே அடைப்பை நீக்கி ரத்த ஓட்டத்தைத் திருப்புவதுதான் இன்றைக்கும் முக்கிய சிகிச்சை.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

அடைப்பின் மையப் பகுதி சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதி உயிருக்குப் போராடியபடி சில மணி நேரம் தாங்கும். காப்பாற்ற முடிவது அதைத்தான். பெரிய ரத்தக் குழாய் அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் இறப்பதாக 2006-ல் வெளியான கணக்கு சொல்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். காரணம், ரத்தக் கசிவால் வந்த பக்கவாதமாக இருந்தால் இதே ஊசி ஆபத்தாகிவிடும்.

காஞ்சிபுரத்துக்காரங்க என்ன செய்யணும்?

குழித்தறியில் கை நாடாவை ஓட்டுகிறது, கால் பலகையை மிதிக்கிறது. ஒரு நெசவாளருக்கு ஒரு பக்கம் விழுந்தால் உடல்நலத்தோடு பிழைப்பும் போய்விடும். 'ரொம்ப நேரம் உட்கார்ந்ததால கை மரத்துப் போச்சு, படுத்தா சரியாகிடும்' என்று விட்டுவிடுவதில்தான் நேரம் போகிறது. சென்னை சுமார் 75 கி.மீ. தூரம். நெரிசலில் சிக்கினால் பயணமே 2 மணி நேரத்தைத் தின்றுவிடும்.

* வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் தொய்வது, பேச்சு குழறுவது, திடீர் பார்வைக் குறைவு, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.
* அறிகுறி தானாகச் சரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.
* சாப்பாடு, தண்ணீர் வேண்டாம். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்கவும் கூடாது.

பி.பி.தான் பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை விடாமல் சாப்பிடுங்கள். சி.டி. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் 24 மணி நேரமும் கிடைக்கும் பக்கத்து மருத்துவமனை எது என்பதை இன்றைக்கே விசாரித்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.