பூக்கடையும் மென்பொருளும்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: பூவுக்கு மணம் உண்டு, மென்பொருளுக்கு இல்லை.

ஒற்றுப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை மாணவர் ஒருவரோடு சேர்ந்து உருவாக்கி, அதற்கென இணையதளமும் அமைத்தேன். முகப்பில் தமிழின் தொன்மை குறித்து மூன்று பத்திகள்; அவையும் அழகிய எழுத்துருவில், படங்களாக. ஆறு மாதமாக எவரும் எட்டிப் பார்க்கவில்லை. தமிழருக்கு மொழிப்பற்று இல்லை என்று சினந்தேன்.

பிழை என்னுடையது. படமாக இட்ட பத்தியைத் தேடுபொறியின் கண்ணில் படும் எழுத்தாகக் கருதியது முதற்பிழை. 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. அதைக் கைக்கொள்ளாதது யார் குற்றம்? நான் 'புணர்ச்சி விதி' என்று எழுதினேன். பயனரோ 'இங்கே ப் வருமா?' என்று தேடுகிறார். இஃது இரண்டாம் பிழை.

பத்திகளை நீக்கி ஒரு பெட்டியை வைத்தோம். 'அதை பார்த்தேன்' என இட்டால் 'அதைப் பார்த்தேன்' எனத் திருத்தித் தரும். எங்கெங்கே தவறும் என்பதையும் கீழே எழுதினோம். அதன்பிறகே மடல்கள் வந்தன.

விளம்பரம் இழிவென்னும் தமிழன்பர்களே, பயனரின் சொல்லில் பேசுவது இழிவன்று. தம் பெருமையை வாசலில் தொங்கவிட்டு, வருவாரில்லை என்று ஊரை ஏசுகிறோமே, அதுவே இழிவு.